கறுப்புச் சோழி

வேலையில் இருந்த காலமெல்லாம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். முதல் வாரத்திலேயே ‘மாதிரி’ என்ற பாடம் வந்துவிடும். பெரிய கூட்டம் முழுவதையும் பார்க்க முடியாதபோது சிலரை மட்டும் எடுத்துப் பார்த்து மற்றவர்களைப் பற்றியும் முடிவு சொல்கிறோம். அந்தச் சிலர் யார் என்பதை நம் விருப்பமோ அவர்கள் விருப்பமோ தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதை நடத்தும்போது மட்டும் நான் ஓரிடத்தில் நிற்பதில்லை, சன்னலுக்கும் பலகைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். ஒரு குலுக்கலைக் கெடுத்தவன் நான் என்று அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தமானின் லாங் ஐலண்டில் அப்பா மர மில்லில் தச்சராக இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. லைன் வீடுகளில் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது. நோயாளிக் குடும்பத்தைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அப்படி யாரையும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் சூப்பர்வைசர் லைன் பக்கம் வந்தால், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவரும் எழுந்து நின்று சலாம் வைப்பார். காய்ச்சல் என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. “லேசா சளி” என்பார்கள். எங்கள் லைனில் வருடம் முழுவதும் சளி.

என் தம்பிக்கும் அந்தச் சளி இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டி நடுங்குவான். இடப்பக்கம் விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி வயிறு கல்லாக இருந்தது.

போர்ட் பிளேரிலிருந்து ஒரு டாக்டர் படகில் வருகிறார், மலேரியா இருக்கிறதா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகிறார் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் கை வைப்பார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார்.

“சின்னவன வீட்லயே நிறுத்திக்கிட்டா என்ன?” என்றாள் அம்மா.

“ஏன் வரலன்னு வீடு தேடி வருவாவ. அதுக்கு நாமளே போயி சொல்லிரலாம்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “லேய், நீதான் மூத்தவன். டாக்டர் சாப் கை அவன் வயித்துல படக் கூடாது. பட்டா நாம கப்பல்லதான், தெரிஞ்சுக்க.”

டாக்டருடன் வந்த கம்பவுண்டர் தமிழர். மதியத்துக்குள் படகு திரும்ப வேண்டும், எல்லா வயிற்றையும் பார்க்க நேரமில்லை, அதனால் குலுக்கல் என்றார். ஒரு துணிப்பையில் வெள்ளைச் சோழிகளும் சில கறுப்புச் சோழிகளும் கிடந்தன. ஒவ்வொருவரும் கையை விட்டு ஒன்றை எடுத்து, கை மூடியபடி உட்கார வேண்டும். கறுப்பு வந்தவர்களை மட்டும் பிறகு கூப்பிடுவார்கள்.

“ஊசி கீசி ஒண்ணும் கெடையாது. வயித்த அமுக்கிட்டு விட்ருவாரு. கூச்சமா இருந்தா சிரிச்சுக்கங்க. ஒருத்தன் வயிறு பத்துப் பேருக்குப் பேசும், ஆங்?” என்றார் கம்பவுண்டர்.

வயிறு பேசும் என்றதும் எல்லோரும் சிரித்தோம். டாக்டர் தேநீர் குடிக்கப் போனார். நான் தம்பியின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு. என்னுடையது வெள்ளை. யோசிக்கவே இல்லை, மாற்றிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டாள். அவளும் சளிக்காரி. “அண்ணே, எனக்கும் கறுப்புல்லா வந்துருக்கு” என்று அழ ஆரம்பித்தாள். அவள் அப்பாவும் மில்லில்தான் வேலை செய்தார். என் கையில் ஏற்கெனவே ஒரு கறுப்பு இருந்ததால், அவளுடையதை வாங்கி, மரமேறிக் குரங்குபோலத் திரிந்த ஒரு ராஞ்சிப் பையனிடம் தள்ளி, அவனுடைய வெள்ளையை அவளுக்குக் கொடுத்தேன். அவனுக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் கைகள் நகர்ந்தன. ஹிந்தியிலும் வங்காளத்திலும் கிசுகிசுப்பு ஓடியது. டாக்டர் திரும்பி வந்தபோது எங்கள் பள்ளியின் நல்ல வயிறுகள் எல்லாம் கறுப்புச் சோழியோடு காத்திருந்தன.

“அச்சா. பகுத் அச்சா” என்று ஒவ்வொரு வயிறாகத் தட்டிக்கொடுத்தார் அவர். நான் கூச்சத்தில் நெளிந்தேன். கம்பவுண்டர் எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

நடந்ததை வீட்டில் சொன்னதும் அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்தார். “இத வெளிய மூச்சு விடாத” என்றார். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அப்பா அதையே சொல்லியிருக்க வேண்டும். தன் பிள்ளை மட்டுமே தப்பித்தது என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது. அம்மா படகுக்காரர் ஒருவரிடம் சொல்லி ரகசியமாகக் கசப்பு மாத்திரை வரவழைத்தாள். தம்பி மெல்லத் தேறினான்.

சில வாரங்களில் டாக்டரின் முடிவு வந்தது. மில் வாசலில் படித்துக் காட்டினார்கள். லாங் ஐலண்டில் மலேரியா அநேகமாக இல்லை. கொசு மருந்து அடிக்கும் ஆட்கள் முதலில் பாராடாங் தீவுப் பக்கம் போவார்கள், இங்கே அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று முதல் யாரும் சளி என்று மறைத்துப் பேச வேண்டியிருக்கவில்லை. நோய்தான் இல்லையே, காய்ச்சலைக் காய்ச்சல் என்றே சொன்னார்கள்.

மழை பிடித்தது. ரோஸ்லினுக்குக் காய்ச்சல் கூடியது. அவள் அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தாள். ஒருநாள் காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. படகு கிளம்பும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

தன் மகளுக்கான பெட்டியை அவள் அப்பாவே மில் பலகையில் அடித்தார். என் அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் தம்பியோடு மரத்தூளில் நின்றிருந்தேன்.

“ஊர்ல மலேரியாவே இல்லன்னு டாக்டர் சாப் எழுதிட்டாருல்லா அண்ணாச்சி. அதான் சாதாக் காச்சல்தான்னு இருந்துட்டேன். இல்லன்னா அன்னைக்கே போட்டுல ஏத்திருப்பேன்” என்றார் அவர்.

“எழுதித்தான் இருந்தாவ” என்றார் அப்பா. தலையை நிமிர்த்தவில்லை.

அவர் ஏன் நிமிரவில்லை என்று நான் யோசிக்கவில்லை. என் மனமெல்லாம் அந்த முடிவின் மேல்தான் இருந்தது. டாக்டர் பார்த்து எழுதியது, மில் வாசலில் எல்லோர் முன்னாலும் படித்தது, தப்பாக இருக்காது என்று நம்பினேன். நோயே இல்லாத நல்ல ஊரில் இருந்தும் இவள் ஒருத்திக்கு மட்டும் அதிர்ஷ்டம் இல்லாமல் போயிற்றே என்று அவளுக்காக அழுதேன்.