தவராசா அண்ணனின் வாய்வு

அடுத்தவர் நெஞ்சைப் பற்றி விசாரிப்பதுதான் என் பிழைப்பு. கிழக்கு ஓஸ்லோவில் நாற்பது வயதைத் தாண்டிய நம்மவர்களில் யாருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும் குழுவில் நான் நர்ஸ். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. "நீயும் தமிழ், அவர்களும் தமிழ், உனக்கு வேலை சுலபம்" என்றார் எங்கள் டாக்டர் இங்ரிட். நான் திருச்சிக்காரி. வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இப்படிப்பட்ட சுலபமான வேலையில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு புரியும்.

விரதம்

தவராசா அண்ணன் பஸ் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர், தொந்தி கிடையாது. ரொம்மன் பகுதியில் இருக்கும் எங்கள் மையத்துக்கு அன்று முதல் ஆளாக வந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் முந்தின நாள் போனில், "விரதமா வாங்கண்ணா" என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் விரதம் என்றால் பட்டினி. ஊசியைப் பிரிக்கும்போது அவரிடமிருந்து தேங்காய்ச் சம்பல் வாசனை வந்தது. விசாரித்தால், புட்டு சாப்பிட்டு, மேலே வாழைப்பழமும் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

ரத்த அழுத்தத்தையாவது பார்ப்போம் என்று கையில் பட்டையைச் சுற்றினேன். காட்டிய எண் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பப் பார்த்தேன், அப்போதும் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் கட்டாயம் பட்டினியாக வர வேண்டும் என்றேன். அவருக்கோ, நான் அவர் விரதத்தைச் சந்தேகப்பட்டதுதான் பெரிய மனக்குறை. மீனும் இறைச்சியும் தொடாமல் இருந்தாலே அவர்களுக்கு அது விரதம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். "என்ன பிள்ளை இப்பிடிக் கேக்கிறியள்? நேற்றிலை இருந்து மச்சம் தொடேல்லை, நான் சுத்த விரதம்!"

கொழுப்பு

அடுத்த வாரம் அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் விடுகிற ஆளில்லை. அவர் மனைவி மலர் அக்கா தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். முதலில் வந்த வேலையைப் பார்ப்போம் என்று, "அக்கா, உங்களுக்குக் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. கடல் தாண்டினாலும் அந்தச் சொல்லின் திமிர் குறையவில்லை. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எண்ணெய், பொரியல் என்று எதையோ உளறிச் சமாளித்துவிட்டு, அண்ணன் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் பஸ் லைசன்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயமாம். வீட்டுப் படியை இப்போதெல்லாம் நின்று நின்றுதான் ஏறுகிறாராம். சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே கோபம் வந்துவிட்டது. "எனக்கோ கொழுப்பு? உங்களுக்குப் பயந்து பஸ்ஸுக்கை ஒளிச்சுக்கொண்டு திரியிறாரே, அவருக்கெல்லோ கொழுப்பு!"

கடைசி நிறுத்தம்

அன்று சாயங்காலமே அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தவர், பிறகு வழி நெடுக அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"குடும்பத்துல யாருக்கும் இதய நோய் இல்லையாண்ணா?"

"ஒருத்தருக்கும் இல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான்."

"அப்பா எப்படி இறந்தார்?"

"அவருக்கு வாய்வு. நெஞ்சுக்கை அடைச்சு, வேர்த்து ஊத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சுது. பெரியண்ணைக்கும் அதே வாய்வுதான்."

"உங்களுக்கு?"

"படி ஏறேக்கை கொஞ்சம் இறுக்கும். குறொன்லாண்டுக் கடையிலை இஞ்சி வாங்கி அவிச்சுக் குடிக்கிறனான்."

பயந்துபோனேன். கோபமும் வந்தது, அவர்மேல் இல்லை. 'இதய நோய்' என்று புத்தகத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கேள்வியின்மேல். "அண்ணா, அது வாய்வு இல்ல. ஸ்டியரிங் பிடிச்சிருக்கும்போது வந்தா லைசன்ஸ் மட்டுமா போகும்? வேற டிரைவரை வரச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட இப்பவே போறோம். அதுவரைக்கும் நான் இறங்க மாட்டேன்" என்றேன். அவர் திரும்பி, காலி இருக்கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து மாற்று ஆளைக் கேட்டார். "இறங்குங்கோ பிள்ளை. நானும் இறங்கிறன்."

பேர்கன் விருந்தாளி

அவருடைய இதயக் குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்தே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். சில மாதம் வீட்டில் முறைத்துக்கொண்டு கிடந்தவர், எல்லாப் பரிசோதனையும் தேறி மறுபடி பஸ் ஓட்டுகிறார். நாங்களும் கேள்வியை மாற்றிவிட்டோம். இங்ரிட் தன் நார்வே நாக்கால் "வாய்வு?" என்று கேட்டதும், அப்பா, சித்தப்பா, மாமா என்று பதில்கள் கொட்டுகின்றன.

போன வாரம் காலையில் தவராசா அண்ணன் ஒருவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். அதே மூக்கு, அதே முறைப்பு. "என்ரை தம்பி, பேர்கனிலை இருக்கிறவன். காலமை தேத்தண்ணிகூடக் குடுக்காமல் கூட்டிக்கொண்டு வந்தனான். இவனுக்கும் வாய்வாம் பிள்ளை, அண்டைக்கு என்னை விடாத மாதிரி இவனையும் விடாதேங்கோ!"

இப்போதெல்லாம் யாராவது "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, வேலை சுலபம்" என்றால், எந்தத் தமிழ் என்று கேட்டுவிட்டுத்தான் பட்டையைக் கையில் எடுக்கிறேன்.