கரப்பந்துக்கு வந்த மாப்பிள்ளை

போன கிழமை நோர்பரியில் சாமான் வாங்கப் போன இடத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் மூட்டுவலிக்குப் பூசும் நோத்தைலப் போத்தல் ஒன்றைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தார். காசு கொடுக்காத சாமானைத் திறந்து மணந்து பார்ப்பது எந்த நாட்டுப் பழக்கமோ தெரியாது. சரி, அதை விடுங்கள். அந்த மணம் என்னிடம் வந்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. போத்தலைத் திறந்தவர்மேல் அல்ல. முப்பது வருசத்துக்கு முன்னர் இரண்டு முழங்காலிலும் அந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்ற ஒருவன்மேல். கையில் எடுத்த கத்தரிக்காயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டில் மனிசி கேட்டபோது கத்தரிக்காய் முழுக்கப் புழு என்று சொன்னேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும். அவன் பெயர் யோகன். ஊரில் கங்காரு என்றுதான் கூப்பிடுவார்கள். கரப்பந்து வலைக்குக் கீழே நின்றபடி அப்படியே கிளம்பி, நெஞ்சு வலைக்கு மேலே தெரிய, பந்தை எதிர்ப்பக்கத்து நிலத்தில் இறக்கிவிட்டு வருவான். அந்தப் பந்தை எடுக்க நின்றவர்கள் எடுப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்வார்கள்.

எண்பதுகளின் நடுவில் நானும் அவனும் அகதியாக லண்டனுக்கு வந்து, இதே நோர்பரியில் ஒரு மாடி அறையில் இருந்தோம். அறையில் கட்டில் ஒன்றுதான். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், அவனுக்கு ஹோட்டல் சமையலறையில் பகல் ஷிப்ட். அவன் எழும்பிப் போக நான் போய்ப் படுப்பேன். மெத்தையில் அவனுடைய சூடும் இருக்கும், தைல மணமும் இருக்கும். முழங்காலுக்குப் பூசுகிறவனின் தலையணையில் அந்த மணம் எப்படி வந்தது என்று கேட்டால், “உனக்கேன் அது?” என்பான். நல்ல மரியாதை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்குப் பந்தைக் கொண்டு பார்க்குக்குப் போவோம். வலை வாங்க வசதியில்லை. இரண்டு மரங்களுக்கு இடையில் கயிறு கட்டி, அதில் என்னுடைய சாரத்தையும் அவனுடைய சாரத்தையும் தொங்கவிட்டு அதுதான் வலை என்று வைத்துக்கொண்டோம். நாய் கொண்டுவந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி நாங்கள் உடுப்புக் காயப்போடுகிறோம் என்று நினைத்து, மழை வரப்போகிறது, எடுத்துவிடுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். மழை வரத்தான் செய்தது.

கரப்பந்து ஆடாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். கைதட்டு எல்லாம் அடிக்கிறவனுக்குத்தான். அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் ஒருவன் இருப்பான், அவனை ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. அந்த ஆள் நான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து யோகனுக்குத் தூக்கிக் கொடுத்தது நான்தான். பந்து எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்று அவன் என்னைக் கேட்டதும் இல்லை, நான் அவனுக்குச் சொன்னதும் இல்லை. அவன் கிளம்பும்போது பந்து அங்கே நிற்கும், அவ்வளவுதான்.

பிறகு சனம் வரவரப் பிரித்தானியாவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விளையாட்டுக் கழகம் வந்தது. கோடை விடுமுறையில் செவன் கிங்ஸ் பக்கத்துப் பார்க் ஒன்றில் ஊர்களுக்கிடையே போட்டி. யார் எந்த ஊருக்கு ஆடலாம் என்பதற்கு ஒரு விதி இருந்தது. அந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய் இருப்பதுதானே வழக்கம். மாப்பிள்ளையும் ஊரவன்தான் என்று எல்லாரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டோம். பெருந்தன்மை ஒருநாளும் கூடாது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஒவ்வொரு வருசமும் நன்றாக ஆடும், கடைசியில் தோற்கும். அரையிறுதியில் தோற்போம், இறுதியில் தோற்போம், ஒருமுறை மழையிடம் தோற்றோம். கப் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. தோற்றுவிட்டு வந்து நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நடுவரைத் திட்டுவோம். யோகன் சாப்பிடமாட்டான். கப் வாங்கியவர்கள் படம் எடுத்து முடியும்வரை தூர நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கண்ணைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருக்கும்.

தொண்ணூறுகள் வந்தபோது அவனுக்கு வயது முப்பத்தாறோ ஏழோ. தங்கச்சிமாரைக் கரைசேர்க்க உழைத்ததில் தன் கலியாணத்தை மறந்துபோனான். முழங்காலும் அவனை மறக்கத் தொடங்கியது. முன்னர் நெஞ்சு தெரிந்த இடத்தில் தோள் தெரிந்தது, பிறகு தலை மட்டும் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பந்தைக் கொஞ்சம் பதித்து, உயரம் குறைத்துத் தூக்கினேன். அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம் பதித்தேன். அடி பழைய அடிதான், தோளில் பலம் இருந்தது. பார்த்தவர்கள், “கங்காருவுக்கு வயசே போகேல்லை” என்றார்கள். போனது எனக்கும் அவன் முழங்காலுக்கும் மட்டும்தான் தெரியும். அவனிடம் நான் சொல்லவில்லை. ‘மச்சான், நீ இப்ப பாயிறேல்லை’ என்று எந்தச் சிநேகிதனுக்கு வாய் வரும், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பரமண்ணைக்கு வருவோம். வராமல் விட்டால் நல்லது, ஆனால் வரத்தான் வேண்டும். பரமண்ணை பக்கத்தூர்க் கழகத்தின் தலைவர். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்றைக்கும் போன் எடுத்துக் கிழிப்பார்கள். ஊரிலே எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு குறுகலான ஒழுங்கைதான். பரமண்ணையிடம் பெரிய கடை இருந்தது, வேன் இருந்தது, ஆறடி வளர்ந்த பெடியன்கள் இருந்தார்கள். நல்லபடியாக அடிக்க ஒருவன்தான் இல்லை. முந்தின வருசம் இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்றதும் அதனால்தான். அவருடைய மனைவியின் தங்கச்சி ஒருத்தி கலியாணம் சரிவராமல் வீட்டில் இருந்தாள். மனிசன் மாப்பிள்ளை பார்க்கும் வேலையையும் ஆட்டக்காரன் பார்க்கும் வேலையையும் ஒன்றாக்கிவிட்டார்.

யோகன் எனக்குச் சொன்னது அந்த மாடி அறையில்தான். சேர்ட்டுக்கு அயன் போட்டுக்கொண்டே சொன்னான்.

“மச்சான், கலியாணம் ஒண்டு சரிவந்திருக்கு.”

“நல்ல விசயமடா. ஆர் பொம்பிளை?”

“பரமண்ணையின்ர மச்சாள்.”

“அப்ப இந்த முறை ஆருக்கு விளையாடுறாய்?” என்று கேட்டேன். அவன் அயனை நிமிர்த்தி வைத்தான்.

“எனக்கும் ஒரு கப் வேணுமடா. உங்களோட நிண்டா இந்தப் பிறப்பில கிடையாது.”

உங்களோட! இத்தனை வருசம் ஒரே கட்டிலில் மாறிமாறிப் படுத்தவன் என்னைப் பார்த்து ‘உங்களோட’ என்கிறான். நான் சாரத்தை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் கதைக்கவில்லை.

பதிவுத் திருமணம் சட்டென்று முடிந்தது. நாங்கள் அதை எழுத்து என்போம். எழுத்து முதலில் நடக்கும், தாலி பிறகு ஆறுதலாகக் கட்டுவார்கள். நான் விடுவேனா? போட்டிக் கமிட்டியைக் கூட்டச் செய்தேன். தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் கோட்டுப் போட்டு வந்து இருந்தார்கள்.

“தாலி கட்டாதவன் எப்படி மாப்பிள்ளை ஆகலாம்?” என்று கேட்டேன்.

“எழுத்து முடிஞ்சா மாப்பிள்ளைதான். அரசாங்கமே ஒப்புக்கொள்ளுது, உமக்கென்ன வருத்தம்?” என்றார் பரமண்ணை.

“அப்ப எழுத்து முடிஞ்சவனை இண்டைக்கே வீட்டில கொண்டுபோய் வைச்சிருப்பியளோ?”

தாலி ஏற முன்னம் மாப்பிள்ளையை வீட்டில் தங்கவிட எந்த மனிசன் சபையில் ஓம் என்பான்? வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். எங்கே! ஆடி பிறந்தால் கலியாணம் செய்ய ஏலாது என்று, அதற்கு முன்னர் கிடைத்த ஒரு நாளில் அவசரமாகத் தாலியைக் கட்டிவிட்டார்கள். ஆர்ச்வேயில் இறங்கி மேடு ஏறிப் போகிற முருகன் கோயிலில் நடந்தது. நான் போகவில்லை. போனவர்கள் வந்து சொன்னார்கள், அட்சதை போட வந்த பக்கத்தூர்க் கிழவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையிடம் முழங்கால் எப்படி என்றுதான் விசாரித்தார்களாம்.

இதில் பெரிய விசர்த்தனம் என்ன தெரியுமா? அந்த நேரம் எங்கள் ஊரிலும் ஆள் இல்லை, அவர்கள் ஊரிலும் ஆள் இல்லை. ஷெல்லடியில் சனம் எழும்பி, வீடுகளைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி, இரண்டு ஊரையும் ஆமி பிடித்து வைத்திருந்தது. ஒழுங்கையில் பற்றை வளர்ந்திருக்கும். நாங்கள் இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு யார் எந்த ஊர் மாப்பிள்ளை என்று அடிபட்டோம். அது இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அந்த வருசம் இறுதி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும்தான் வந்தது. வேறு எப்படி வரும்? யோகன் அவர்களுடைய பச்சைச் சேர்ட்டோடு எதிரில் நின்றான். வலைக்கு இந்தப் பக்கம்வரை தைல மணம் வந்தது. அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தவன் ஒரு நல்ல பெடியன், சின்ன வயசிலிருந்து கங்காருவின் புகழைக் கேட்டு வளர்ந்தவன். கங்காருவுக்குத் தூக்குகிற மரியாதையோடு பந்தை வானத்துக்குத் தூக்கினான்.

யோகன் கிளம்பினான். பந்து அவன் விரலுக்கு மேலால் போனது. அடுத்த பந்து விரல் நுனியில் பட்டு வலைக்குள் விழுந்தது. அடுத்ததற்கு வெறுங்காற்றை அடித்தான். எங்கள் பக்கத்துச் சனம் சும்மா இருக்குமா? “கங்காரு, கலியாணச் சாப்பாடு செமிக்கேல்லையோ?” என்று கத்தினார்கள். நானும் சிரித்தேன், ஏன் பொய் சொல்லவேண்டும்? முதல் செற்றை நாங்கள் எடுத்தோம்.

இடைவேளையில் யோகன் வலையடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். முகம் வேர்த்து வெளிறிப்போய் இருந்தது.

“மச்சான், எனக்கு என்னமாதிரித் தூக்கினனி? இவனுக்கு ஒருக்காச் சொல்லிக் குடன். எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை.”

மெதுவாகத்தான் கேட்டான். நான் மெதுவாகச் சொல்லவில்லை. பக்கத்தூர் முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன்.

“ரெண்டு வருசமாப் பதிச்சுத்தான் தூக்கினனான். நீ பாய்ஞ்சதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. உங்கட பெடியனிட்டச் சொல்லு, குழந்தைப்பிள்ளைக்குத் தூக்கிறமாதிரித் தூக்கச் சொல்லி.”

அவன் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற பரமண்ணைக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அடுத்த செற்றில் யோகனை இறக்கவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெடியனை விட்டார்கள். அவனோ எங்களைப் பிய்த்து எறிந்தான். மிச்ச இரண்டு செற்றையும் கொடுத்துவிட்டு நாங்கள் வழமைபோல ரோல்ஸ் சாப்பிடப் போனோம். கப்போடு படம் எடுத்தபோது யோகனை நடுவில் நிற்கவிட்டு அவன் கையில் கப்பைக் கொடுத்தார்கள். புதுமாப்பிள்ளை அல்லவா? அவன் அதைச் சுடுசட்டியைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவன் விளையாடவில்லை. எனக்கும் வேறு ஆளுக்குத் தூக்க மனம் வரவில்லை.

கத்தரிக்காய் வாங்காத அன்று மகள் வந்திருந்தாள். வாய் சும்மா இருக்காமல் இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள், பாவம். பிறகு, “ஹி ஜஸ்ட் சேஞ்ச்ட் டீம்ஸ், அப்பா. சோ வாட்?” என்றாள். சோ வாட்டாம்! யாரிடமாவது சொல்லி ஆறவேண்டும் போல இருந்தது. அணியில் நின்றவர்களை யோசித்தேன். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மற்றவர்கள் கனடாவில், அவுஸ்திரேலியாவில். கழகம் எப்போது நின்றது என்றே ஞாபகம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஊர் என்றால் குரொய்டன். இந்தக் கோபம் எதற்கென்று விளங்கக்கூடியவன் ஒருவன்தான் மிச்சம். அவன் செவன் கிங்ஸில் இருக்கிறான் என்று கேள்வி. விசாரித்து நம்பர் எடுத்து அடித்தேன்.

“ஆர் கதைக்கிறது?”

“நான்தான்.”

“இன்னும் கோவமோ?” என்றான்.

“ஓம்.”

“எனக்கும்தான். அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால நீ அதைச் சொன்னது பிழை.”

“நீ போனது பிழை.”

“பதிச்சுத் தூக்கிறன் எண்டு முதலே எனக்குச் சொல்லியிருந்தா நான் ஏன்ரா போறன்? நான் இன்னும் பாயிறன் எண்டு நம்பித்தானே போனனான்.”

“உனக்குத் தெரியாதெண்டு என்னை நம்பச் சொல்லுறியோ? உன்ர முழங்கால் உனக்குத் தெரியாதோ?”

“கத்தாதையடா!”

“நீதான் கத்துறாய்!”

இரண்டு கிழவர்களும் கத்தினோம். என் மனிசி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். அந்தப் பக்கமும் ஒரு பெண்குரல் கேட்டது. “ஆரப்பா போனில? ஏன் சண்டை பிடிக்கிறியள்?” பக்கத்தூர்ப் பரமண்ணையின் மச்சாள்.

“அது ஒண்டுமில்லை,” என்று அவன் அவளுக்குச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன்.”

நான் போனை வைத்துவிட்டேன். அந்த ஊரில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது அத்திவாரம்கூட இல்லை. என்னை அந்த ஊர்ப் பெடியன் என்று சொல்ல இந்த லண்டனில் மிஞ்சியிருப்பவன் அந்த எருமை ஒருவன்தான்.