பல்புப் பலகையில் பதினோரு நாள்

பலகையின் அளவை இன்றும் என்னால் சொல்ல முடியும். நீளம் ஒன்றரை அடி, அகலம் ஓர் அடி. இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பத்துப் பித்தளை ஆணிகள், வலப்பக்கம் பத்து. இடப்பக்க ஆணி ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயர் எழுதிய சீட்டு, வலப்பக்க ஆணி ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு படம். எந்தப் பெயருக்கு எந்தப் படமோ, அந்த இரண்டு ஆணிகளையும் பலகையின் பின்புறம் கம்பியால் இணைத்திருந்தேன். முன்னால் ஒரு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரிக் கட்டைகள், நுனி சீவிய இரண்டு கம்பிகள். ஒரு கம்பியைப் பெயரின் ஆணியிலும் மற்றதைப் படத்தின் ஆணியிலும் வைக்க வேண்டும். விடை சரியென்றால் பல்பு எரியும். தவறென்றால் எரியாது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்காக எங்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தது அது. நான் அதையே வீட்டில் அம்மாவுக்காக இன்னொன்று செய்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

அம்மா போடியில், ஏலக்காய் மூட்டைகள் வந்து சேரும் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கினாள். பெரிய காய், சின்னக் காய், வெடித்தது, வெளுத்தது என்று பிரித்துத் தள்ள வேண்டும். அவள் கைகள் அதைப் பார்க்காமலே செய்யும். வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் வாசலில் இருக்கும், விரல்கள் மட்டும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நாள் முழுக்க மடக்கி உட்கார்ந்த இடது கால்தான் ஒத்துழைக்காது. மாலையில் எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். அந்த வருடம் சில நாட்கள் சுவரும் போதாமல் என் தோளையும் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கிட்டங்கி வாசலில் நின்று மூட்டைச் சீட்டு வாசிக்கும் பெண் கல்யாணமாகிப் போனாள். மலையிலிருந்து ஜீப்பில் வரும் ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் தோட்டத்தின் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். அதை வாசித்துச் சொல்லி, மூட்டையை அதற்குரிய மூலைக்கு அனுப்ப வேண்டும். நின்றும் நடந்தும் செய்கிற வேலை. கணக்கப்பிள்ளை அம்மாவிடம், “பத்துத் தோட்டத்துப் பேரு வாசிக்கத் தெரிஞ்சாப் போதும், நீயே நில்லு தாயி” என்று சொல்லியிருந்தார். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவள் இல்லை. அன்று மாலை வந்ததும் என்னிடம், “ஆத்தா, பத்துப் பேரு எனக்குச் சொல்லிக் குடுப்பியா?” என்று கேட்டாள்.

பத்துப் பெயர்களுக்கும் படம் வரைய முடிந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஆனைச்சரிவுக்கு ஆனை. நெல்லிப்பாறைக்கு நெல்லிக்காய். மூணுகல்லுக்கு மூன்று கல். கம்பிகளை ஜீப் ஓட்டுகிற மாமா கொடுத்தார். அவர் அம்மாவின் தம்பி. காலையில் ஆட்களை மலைக்கு ஏற்றிப் போய், திரும்பும்போது மூட்டை ஏற்றி வருவார். “என்னக்கா, சீட்டு வாசிக்கிற உத்தியோகமாமுல்ல. நாளைக்கு நான் லோடு கொண்டாந்தா என்னையவே நிக்க வச்சுக் கேள்வி கேப்ப போல” என்றார். “கேப்பேன்டா. வெரசா எறக்குன்னும் சொல்லுவேன்” என்றாள் அம்மா.

பதினோரு நாள் பாடம் நடந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம். எத்தனை முறை எரிந்தது என்று என் நாள்குறிப்பு நோட்டில் எழுதினேன். முதல் நாள் பத்துக்கு இரண்டு. மூன்றாம் நாள் பத்துக்குப் பத்து. பல்பு எரியும்போதெல்லாம் அம்மா படத்துக்குரிய பெயரைச் சத்தமாகச் சொல்வாள், நான் கை தட்டுவேன். ஒன்பதாம் நாள், பக்கத்து வீட்டு அத்தையிடம் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே, பலகைப் பக்கம் திரும்பாமல், பத்தையும் எரிய வைத்தாள். “பார்க்காமலே வாசிக்கிறாள்” என்று அன்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. என் மாணவியின் பரீட்சையைப் பார்க்க நானும் போனேன். அம்மா துவைத்து மடித்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து, “டீச்சரம்மாவும் வந்தாச்சா” என்றார். மாமா முதல் மூட்டையை இறக்கி அம்மாவின் முன்னால் நிறுத்தினார்.

“சொல்லு தாயி” என்றார் கணக்கப்பிள்ளை.

அம்மா சீட்டைப் பார்த்தாள். பிறகு அவள் வலது கையின் ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்து மூட்டையின் பக்கவாட்டில் படிந்தது. அது மேலிருந்து கீழாக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்று, தடவி, மறுபடி மேலே போனது. விரல் ஆணியைத் தேடுகிறது என்பது எனக்குப் புரிந்தது. சணல் மூட்டையில் ஆணி இல்லை.

“ஆனைச்சரிவு” என்றாள்.

சீட்டில் நெல்லிப்பாறை என்று இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது.

“நல்லாப் பாத்துச் சொல்லுத்தா.”

“பாத்துத்தான் சொல்றேண்ணே. மூணுகல்லு.”

உள்ளே காய் உருளும் சத்தம் நின்றுபோயிருந்தது. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில், பலகைக் கதையை அம்மா சொல்லிக் கேட்டிருந்த ஒருத்தி, “அந்தப் பல்பக் கொண்டாந்து மூட்டையில கட்டி விடுங்கண்ணே, எரியட்டும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்காமல் ஜீப்பின் பின்கதவைத் தேவையில்லாமல் ஒருமுறை திறந்து மூடினார். அம்மா உள்ளே போய், தன் இடத்தில் உட்கார்ந்து, இடது காலை மடக்கிக்கொண்டாள்.

மாலையில் வீடு திரும்பும்போது நான் பத்தடி முன்னால் நடந்தேன்.

“ஆத்தா, பேச மாட்டியா?”

“நீ படிக்கவே இல்லம்மா. ஏமாத்தியிருக்க.”

அம்மா காலை இழுத்து இழுத்து என் பக்கம் வந்து சேர்ந்தாள். “நீ பல்ப எரிய வைக்கச் சொன்ன. நான் எரிய வச்சேன்ல” என்றாள்.

இத்தனை வருடங்களாக இந்தச் சம்பவம் என் மனதில் இவ்வளவுதான். அம்மா தேறவில்லை, நான் அவமானப்பட்டேன், சின்ன வயது, போகட்டும். கேட்பவர்களிடம் வேடிக்கையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் கைக்கணினியில் படிப்பதற்குப் பாடங்களை வடிவமைப்பது என் வேலை. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே திரையைத் தொட்டாள். பத்துக்குப் பத்து, பத்தும் பச்சை. ஆசிரியை பெருமையாக என்னைப் பார்த்தார். நான் அதே சொற்களில் ஒன்றை வெள்ளைத் தாளில் எழுதி, வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். அவள் விரல் எழுந்து, தாளின் கீழ் வலது மூலைக்குப் போய், அங்கே ஒரு முறை அழுத்தியது.

அந்தப் பாடத்தில் படங்களின் வரிசை எப்போதும் மாறாமல் வரும்படி ஒப்புதல் கையெழுத்துப் போட்டவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். மூன்றாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் நான் சுத்தமாக மறந்துபோயிருந்த இரண்டு நாள் குறிப்புகள், என் கையெழுத்தில் இருந்தன.

“நான்காம் நாள். பெயர்ச் சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டினேன். பின்னால் கம்பிகளையும் அதற்கேற்ப மாற்றிக் கட்டினேன். அம்மாவுக்கு ஒன்றுகூட எரியவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள். பழையபடி ஒட்டி, பழையபடி கட்டிவிட்டேன். பத்துக்குப் பத்து. இரண்டு பேரும் சிரித்தோம்.”

நான் அதை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு உட்கார்ந்து, மறுபடி வாசித்தேன். பேட்டரி புதிது என்று எனக்குத் தெரியும், நான்தான் வாங்கி வந்தேன். அப்படியென்றால், அவள் எழுத்தை அல்ல, ஆணியின் இடத்தைத்தான் மனப்பாடம் செய்கிறாள் என்று நான்காம் நாளே எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், எரியாத பல்பைவிட எரிகிற பல்பு எனக்குப் பிடித்திருந்திருக்கிறது. மீதி ஏழு நாளும் அவள் முகத்துக்கு நேராகக் கை தட்டியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இன்றும் பஸ் நிலையத்தில் நிற்கிற யாரிடமாவது கேட்டுத்தான் சிலமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறாள்.

நோட்டின் அடுத்த பக்கத்தையும் புரட்டினேன். சனிக்கிழமைக்கு இரண்டே வரி. “அம்மா ஏமாற்றிவிட்டாள். கேட்டால் ஏதோ காரணம் சொல்கிறாள்.” அதன் கீழே ஞாயிற்றுக்கிழமை:

“பலகையைப் பிரித்தேன். ஆணி இருபதும் வளையாமல் வந்தன, டப்பாவில் போட்டேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல்பு வேண்டாம், ஆனைச்சரிவை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டு, அது எப்படி ஆனையாகிறது என்று சொல்லு என்றாள். எனக்குச் சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.”

அது எப்படி ஆனையாகிறது. பதினோரு நாளில் நான் நடத்தாத பாடம் அது ஒன்றுதான். அதைக் கேட்டு ஒரு மாணவி என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, நான் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.