நம்ம வீட்டுச் சாயம்

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுப்பவருக்குக் கலர்க்காரர் என்றே பெயர். பத்து வெள்ளையை வரிசையாக வைத்தாலும் பத்தும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்லும் கண். அந்தக் கண்ணே அடிக்கடி மஞ்சளாகிவிடும் என்பதுதான் கூத்து. ஒரு வேளை பட்டினி கிடந்தால் போதும், காய்ச்சல் வந்தால் போதும். தம்பிக்கும் அப்படியே. அப்பா வழியில் வந்தது. ஈரல் கொஞ்சம் சோம்பேறி, மற்றபடி ஒன்றும் செய்யாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். அதற்கு ‘நம்ம வீட்டுச் சாயம்’ என்று பெயர் வைத்தவரே கலர்க்காரர்தான்.

ஒருநாள் தம்பி கடைக்கு வந்தான். “கண்ணு ரொம்ப மஞ்சளா இருக்குண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போகவா?”

கலர்க்காரர் நிற அட்டையை எடுத்து அவன் முகத்தருகே பிடித்தார். “எலுமிச்சை மஞ்சள். நம்ம வீட்டுச் சாயம்தான்டா. போய் ஒழுங்கா சாப்பிடு.” கடையே சிரித்தது. டியூப் லைட்டில் நிறம் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், சொந்தத் தம்பியை டியூப் லைட்டுக்குக் கீழேயே நிறுத்திப் பார்த்து அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி மனைவி ஓடிவந்தாள்.

“மாமா, உடம்பெல்லாம் அரிக்குதுன்னு ரத்தம் வர்ற மாதிரி சொறியறார், ஒண்ணுக்கு வேற கறுப்பா போகுது. டாக்டர்கிட்ட வாங்கன்னா, அண்ணன் பாத்தாச்சு, ஒண்ணுமில்லைங்கறார். நீங்க சொன்னாத்தான் கேப்பார்.”

கலர்க்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். போய்த் தம்பியை வாசல் வெயிலுக்கு இழுத்துவந்தார். ஐயோ, இது எலுமிச்சையா! மஞ்சளுக்குள் பச்சை ஓடியிருந்தது. அவர் அட்டையில் அப்படியொரு நிறமே கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், ஈரல் சோம்பேறி என்ற அந்தப் பழைய ரிப்போர்ட்டை நீட்டினார்கள். டாக்டர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, தம்பியின் வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். தம்பி சுருண்டான்.

“இது அந்த மஞ்சள் இல்லைங்க. அதுல இப்படி அரிக்காது, சிறுநீரும் இவ்வளவு கருக்காது. உள்ள பித்தம் போற வழியை ஏதோ அடைச்சிருக்கு. எத்தனை நாளா?”

“மூணு வாரமா.”

“அப்பவே ஏன் வரலை?”

தம்பி மனைவி கலர்க்காரரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதி, உடனே என்று அடிக்கோடு போட்டார்.

வெளியே பெஞ்சில் தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். குரலில் துளி கோபம் இல்லை.

“அவர் என்னமோ பயமுறுத்துறார். நீ சொல்லுண்ணே. ஒண்ணுமில்லைதானே?”

“நான் டியூப் லைட்ல பாத்துச் சொன்னதுடா அது. எழுந்திரு, ஸ்கேனுக்குப் போவோம்,” என்று கலர்க்காரர் அவனைத் தூக்கி நிறுத்தினார்.