அப்பா மீசை எடுத்த வெள்ளிக்கிழமை

போன மாதம் என் கணவர் பெயருக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் கனமான ரேஸர் ஒன்று, மரப்பிடி போட்ட பிரஷ், ஒரு கிண்ணம், சந்தன வாசனையில் ஒரு கிரீம். பதுளை பஸாரில் எந்தக் கடையிலும் தூக்கி எறிகிற ரேஸர் சரம்சரமாகத் தொங்குகிறது. இவருக்கு அது போதவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக்குள் புகுந்தவர், வெளியே வந்தபோது தாடையெல்லாம் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டு வந்தார்.

"அமுக்காதீங்க. அது பாரத்துலயே போகும். முடி சாயிற பக்கமா மொதல்ல இழுங்க," என்றேன்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று முறைத்தார்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பல் விளக்கினேன். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டி வரும்.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் லயம், அதில் ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. லயத்து ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை சவரம் செய்துகொண்டாலே பெரிய காரியம். அப்பா மழையோ பனியோ தினமும் செய்வார். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே ஜன்னல் கம்பியில் கண்ணாடி ஏறிவிடும். கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்றின் அடியில் வட்ட சோப்பை அழுத்தி வைத்திருப்பார். வெந்நீரில் முக்கிய பிரஷை அதில் சுழற்றச் சுழற்ற நுரை எழும்பி வரும். அதைக் கன்னத்தில் பூசிவிட்டு உடனே ரேஸரைத் தொடமாட்டார். முடி ஊறட்டும் என்று ஒரு பிளேன்டீ குடிப்பார். நுரை படாமல் குடிப்பதற்காக அவர் உதட்டைக் குவிக்கிற அழகைப் பார்த்து நானும் அம்மாவும் சிரிப்போம். பிறகு இடது கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, ரேஸரை விரல் நுனியில் தாங்கி, கீழ்நோக்கி ஒரு இழுப்பு. மறுபடி நுரை, மறுபடி இழுப்பு. கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்பார். ஒரு நாளும் அவர் முகத்தில் இரத்தம் பார்த்ததில்லை.

மீசைக்குத் தனி மரியாதை. அதற்கென்று ஒரு குட்டிக் கத்தரிக்கோல் வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் விட அந்த மீசையைத்தான் நன்றாகக் கவனிக்கிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

எனக்கு ஏழு வயது நடந்தபோது அம்மா முழுகாமல் இருந்தாள். எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி பிள்ளை சுமக்கிற மாதங்களில் கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது. இப்போது பாதிப்பேர் அதைப் பார்ப்பதில்லை. அப்பாவும் முன்பு பார்த்ததில்லை. எனக்குப் பிறகு ஒரு பிள்ளை அம்மாவின் வயிற்றில் தங்காமல் போனபோது, அவர் தினமும் மழுமழுவென்று ஸ்டோருக்குப் போய் வந்ததைப் பற்றி லயத்தில் பேச்சு எழுந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவுதான்.

ஆகவே இந்தத் தடவை, கிளினிக்கில் நிச்சயம் என்று சொன்ன அன்றே அப்பா ரேஸரைக் கழுவித் துடைத்து, பிரஷோடும் கோப்பையோடும் ஒரு துணியில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். தாடி வளர்ந்தது. ஸ்டோரில் தேயிலைத் தூளில் முடி விழும் என்று சொல்லி, சலிக்கிற இடத்திலிருந்து அவரை விறகு அடுக்குகிற பக்கம் மாற்றினார்கள். மறுபேச்சு இல்லாமல் போனார். தாடியைச் சொறிந்து சொறிந்து கன்னம் சிவந்திருக்கும். அம்மாவுக்கே மனசு பொறுக்காமல், "கொஞ்சமா கத்தரிச்சுக்கங்களேன்," என்றாள். "பிள்ளைய விட மொகமா பெருசு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அந்தத் தாடி பிடிக்கவே இல்லை. கிட்டே போனால் குத்தியது. சோப்பு வாசனையும் இல்லை. அப்பா எப்போது சவரம் செய்வார் என்று பெரியம்மாவை அரித்துக்கொண்டே இருந்தேன். பெரியம்மா அம்மாவுக்கு ஒத்தாசையாக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள்.

"தம்பி பொறந்த அன்னிக்கே ஒங்கப்பா சேவ் எடுத்துருவாரு. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு," என்றாள்.

எனக்கு அது போதும். அப்பா முகத்தில் நுரையைக் கண்டால் தம்பி வந்துவிட்டான் என்று அர்த்தம்.

பிள்ளைக்கு இன்னும் நாள் இருந்தபோதே ஒரு காலையில் அம்மாவின் முகமும் காலும் வீங்கிவிட்டன. கண் மங்குகிறது என்றாள். தோட்டத்து லொறியில் ஹல்துமுல்லை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்களாம். பெரியம்மா கூடவே போய் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். அப்பா பெரகலைக்கு இறங்கி பஸ் பிடித்துப் போவதும் வருவதுமாக இருந்தார். என்னைப் பக்கத்துக் காம்பரா அத்தை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, விளையாடிக்கொண்டே சாயங்காலமாக வருகிறேன். லயத்துக்குக் கீழே நாங்கள் குளிக்கிற பீலி. தண்ணீர் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்துக் கல்லில் அப்பா ஈரச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கொய்யா மரத்துக் கிளையில் கண்ணாடி. முகம் முழுக்க வெள்ளை நுரை.

நான் அவரிடம் போகவில்லை. அதைவிட அவசரமான வேலை இருந்தது. வீட்டுக்கு ஓடி, அடுப்படியில் இருந்த சீனி டின்னை எடுத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்தால் சீனி கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று, "தம்பி பொறந்துட்டான், தம்பி பொறந்துட்டான்," என்று கத்திக்கொண்டு சீனியை அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

எல்லோரும் கை நீட்டி வாங்கினார்கள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் என்னோடு வம்பளக்கிற அக்கா சீனியைக் கையில் பிடித்தபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்துக் காம்பரா அத்தை சீனியை வாயில் போட்டுக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷத்திலும் அழுகை வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். அத்தைக்கு எங்கள் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

டின்னோடு பீலிக்கு ஓடினேன். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. தாடி போயிருந்தது, சரி. மீசையும் இல்லை. மூக்குக்குக் கீழே வெளிறிப்போய், யாரோ ஒரு சின்னப் பையனின் வாய் மாதிரி இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மீச எங்கப்பா?"

"கை தவறிருச்சும்மா. ஒரு பக்கம் போயிருச்சு. அதான் மத்த பக்கத்தையும் எடுத்துட்டேன்," என்றார்.

அதற்குள் கோடிக் காம்பரா தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். லயத்தில் நல்லது கெட்டதுக்கு முறை சொல்கிறவர் அவர்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னப்பா இது? வழக்கத்துல இல்லாத காரியம். பெத்தவங்களுக்குச் செய்றத..." என்று ஆரம்பித்தவர் என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"தெரியும் மாமா. இருக்கட்டும்," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை சவரம் செய்யக்கூடாது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். தாத்தா அதற்காகத்தான் ஏசுகிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்காக எனக்குச் சங்கடமாகப் போயிற்று. பேச்சை மாற்றுவதற்காக, "எல்லா வீட்டுக்கும் சீனி குடுத்துட்டேன்பா. தம்பி பொறந்ததுக்கு," என்றேன்.

தாத்தா திரும்பி நடந்தார். அப்பா ரேஸரை ஓடுகிற தண்ணீரில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினார். டின்னின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அவர் உள்ளங்கையில் போட்டேன். எல்லோரையும் போல அவரும் வாயில் போட்டுக்கொண்டார்.

தம்பி பிறந்தது உண்மைதான். மூச்சில்லாமல் பிறந்தான். அன்று மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தோட்டத்து மயானத்தில் அவனைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். சீனி வாங்கிய அத்தனை பேருக்கும் அது தெரியும். மறுநாள் அத்தைதான் என்னை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். நான் அழுதேன், ஆனால் பார்க்காத தம்பிக்காக எவ்வளவு நேரம் அழ முடியும்? அப்பா சலிக்கிற இடத்துக்கே திரும்பப் போனார். முகத்தில் குத்தாத அப்பா கிடைத்ததில் எனக்கு ஒரு ஓரத்தில் நிம்மதிகூட இருந்தது.

அம்மாவுக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அடிக்கடி வலிப்பு வந்ததாம். தேறுகிற வரைக்கும் பிள்ளை விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று பெரியம்மா பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அந்த நாட்களில் பதுளைப் பக்கமே போகவில்லை. சாப்பாடும் துணியும் மற்றவர் கையில் கொடுத்தனுப்பினார். தினமும் கண்ணாடியில் மேலுதட்டைத் தடவிப் பார்ப்பார். பெற்றவர்களைச் சாகக் கொடுத்த மகன்தான் மீசை எடுப்பான். அந்த முகத்தோடு வார்டுக்குள் நுழைந்தால் அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்பட்டிருக்காது. இது இப்போது தெரிகிறது. அப்போது, மீசை இல்லாமல் வெளியே போக அப்பா வெட்கப்படுகிறார் என்றே நினைத்தேன்.

மீசை ஓரளவுக்கு முளைத்த பிறகுதான் போய் அழைத்து வந்தார். அம்மாவிடம் பெரியம்மா அதற்கு முதல் நாள்தான் உண்மையைச் சொல்லியிருந்தாள். அம்மா இருந்த நிலையில் அவர் மீசையையா கவனிக்கப் போகிறாள்? மழித்த கன்னத்தைத்தான் கண்டாள். அதை அவள் மன்னிக்கவே இல்லை.

"நான் உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கேன். எட்டிப் பாக்க நேரமில்ல. சேவ் எடுத்துக்க மட்டும் நேரம் இருந்துச்சு," என்று சின்னச் சண்டையிலும் அது வந்து நிற்கும். அப்பா வாயே திறக்கமாட்டார். லயத்திலும் யாரும் மீசை எடுத்த பேச்சை எடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதை எப்படிச் சொல்வார்கள்?

இரண்டு வருடம் கழித்து அப்பாவைப் பெற்ற தாத்தா இறந்துபோனார். சித்தப்பாவோடு பெரகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். அம்மாவை மதித்து ஒரு நல்ல வார்த்தை அவர் பேசியதில்லை. பேரன் பெற்றுத் தராதவள் என்று ஏளனம் வேறு. வாசலில் பலகை போட்டு மூத்த மகனான அப்பாவை உட்கார வைத்தார்கள். ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்த சலூன்காரர் தலைமுடியில் கை வைக்கும் முன், மேலுதட்டில் சோப்பைத் தடவி மீசையை வழித்தார். நானும் அம்மாவும் பெண்களோடு உள்ளே ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த மொகத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்று அம்மா முணுமுணுத்தாள்.

"நான் முன்னாடியே பாத்துட்டேன்," என்றேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. "தம்பி பொறந்த அன்னிக்கு அப்பாவுக்குக் கை தவறி மீச பூராவும் போயிருச்சும்மா. இதே மாதிரிதான் இருந்துச்சு. நான் சிரிச்சேன்."

"ஒங்கப்பாவுக்கா கை தவறுச்சு?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமா. அவருதான் சொன்னாரு. மீச மொளைக்கிற வரைக்கும் எங்கயுமே போகல."

அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகி வலித்தது. பிறகு என்னை விட்டுவிட்டு, பெண்கள் போகாத அந்த வாசலுக்கு, ஆண்களை விலக்கிக்கொண்டு போனாள். யாரோ அதட்டினார்கள். அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தன் முந்தானையால் அவர் உதட்டிலிருந்த சோப்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரலெடுத்து அழுதாள். தம்பி போனபோதுகூட அம்மா அப்படி அழுது நான் கேட்டதில்லை. சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

"மாமனாருக்காக எந்த மருமக இப்பிடி அழுவா?" என்று சித்தி சொன்னாள். உயிரோடு இருந்தபோது அம்மாவைப் படாத பாடு படுத்திய அந்தத் தாத்தா மேல் அம்மாவுக்கு இத்தனை பாசம் இருந்ததே என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.