கருக்களாச்சேரியில் ஒரு வளைவு

வெள்ளிக்கிழமை, காலை 7.10. மயிலாடுதுறையில் காரைக்கால் பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர், தலைக்கு முப்பத்தைந்து ரூபாய். நான் விளையாட்டு ஆசிரியை. கூட வந்த கயல்விழி என்னிடம் படித்துக் கல்லூரிக்குப் போனவள், எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி; பயிற்சி இன்னும் என்னிடம்தான். போன வருடம் கடைசி வளைவில் தொடைத் தசை கிழிந்தது. ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகியும் அந்த இடம் வந்தால் கால் தயங்குகிறது. பத்து நாளில் மாநில அணித் தேர்வு. அதிலும் தயங்கினால் ஓட்டத்தையே விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான், விளையாட்டு வீரர்களுக்கான மூன்று நாள் மனப்பயிற்சி முகாமுக்கு இந்தப் பயணம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

புதுச்சேரி எல்லை தொடங்கும் பூவத்தில் மலிவு பெட்ரோல் போட நின்ற வண்டிகளைத் தாண்டவே பத்து நிமிடம். காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து முகாம் நடக்கும் தருமபுரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"என்ன பயிற்சிங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"மூச்சைக் கவனிச்சுக்கிட்டு சும்மா உட்காரணுமாம்."

"அதுக்குக் காசு குடுத்து வர்றீங்களா? ஸ்டாண்டுல நான் தினம் அதைத்தாங்க பண்றேன்."

கயல் சிரித்தாள். நானும் அவர் கட்சிதான்.

முகாம் நடத்துபவர் பிலோமினா, முன்னாள் வாலிபால் ஆட்டக்காரர். மாடிக் கூடத்தில் எட்டுப் பாய்கள், கயல் பக்கத்தில் எனக்கும் ஒன்று. எட்டுப் பேரும் போட்டிக்காரர்கள் அல்லவா, யார் அதிக நேரம் அசையாமல் இருப்பது என்று அதிலும் பந்தயம்! பிலோமினா தலையில் அடித்துக்கொண்டார். மதியம் வஞ்சிரக் குழம்பு. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை, காலை 10 மணி. படுத்துக்கொண்டு பாதத்திலிருந்து தலைவரை உடம்பைக் கவனிக்க வேண்டும். பழக்கதோஷம், என் கையில் ஸ்டாப் வாட்ச். கயல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறாள் என்று பார்க்க பொத்தானை அமுக்கினேன். 'பீப்'. பக்கத்துப் பாயில் அவள் மூச்சு நின்றது, தொடை இறுகியது.

பிலோமினா பார்த்துவிட்டார். "டீச்சர், இன்னொரு தடவ அமுக்குங்க."

அமுக்கினேன். மறுபடியும் இறுகியது.

"என்னம்மா ஆகுது?"

கயல் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "வளைவு ஆரம்பிக்கிற இடத்துல மிஸ் நின்னு அமுக்குவாங்க. நேரம் போச்சேன்னு மூச்ச அடக்கிக்குவேன். அப்புறம் கால் இழுக்குது."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக அவள் காலைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கடி. இனிமே வாட்ச்சே கொண்டுவரல" என்றேன்.

"அதெல்லாம் வேணாங்க" என்றார் பிலோமினா. "தேர்வுல யாராவது அமுக்கத்தான் செய்வாங்க. சத்தம் கேட்டா மூச்ச வெளிய விடட்டும். அத மட்டும் பழகுவோம்."

மாலை வரை நான் அமுக்கினேன், அவள் விட்டாள். நாற்பது தடவை இருக்கும்.

ஞாயிறு, காலை 6 மணி. கருக்களாச்சேரிக் கடற்கரை. ஈரமணலில் ஓடி, கரையேற்றியிருந்த பைபர் படகைச் சுற்றித் திரும்ப வேண்டும். படகருகே நான் நின்றேன். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். கயல் நெருங்கியதும் அமுக்கினேன். 'ஹா' என்று அவள் மூச்சுவிட்டது அலைச் சத்தத்திலும் கேட்டது. கால் தயங்கவில்லை. வளைந்து, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு மிஸ்?" என்று மூச்சிரைக்க வந்தாள்.

"தெரியலடி. நிறுத்த மறந்துட்டேன்."

வலைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

மதியம் 2.30 பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊர் மைதானத்தில் ஓடி முடித்தவளிடம் எல்லாரும் முதலில் நேரத்தைத்தான் கேட்போம். வலிக்கிறதா என்று நான் கேட்டதாக நினைவில்லை. இப்போது கேட்டேன். "இல்ல மிஸ்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பூவத்தில் கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். தூக்கத்திலேயே கயல் மூச்சை மெல்ல வெளியே விட்டாள். நானும் விட்டேன்.