பக்கத்து அறையில் தலைவர் வீட்டம்மா

என் கணவருக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்த மறுநாள், அடையாற்றில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மாடி முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு கட்சித் தலைவரின் மனைவியைச் சேர்க்கப் போகிறார்களாம். மற்றவர்கள் முனகிக்கொண்டே கீழே போனார்கள். எங்களிடம் வந்த மேலாளர், "கீழ இதைவிட நல்ல ரூம் தரோம் சார்" என்று குழைந்தார். கணவர் கட்டுப்போட்ட காலைக் காட்டி, "மொதல்ல இதத் தூக்கிண்டு போங்கோ, நான் பின்னாடியே வரேன்" என்றார். அதோடு விட்டுவிட்டார்கள்.

மாலைக்குள் வராந்தா முழுக்க வெள்ளைச் சட்டைகள். லிஃப்டைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளவே ஓர் ஆள். மயிலாப்பூரிலிருந்து நான் கொண்டுபோன ரசத்தைப் பாதுகாவலர் திறந்து முகர்ந்து பார்த்தார். பார்க்க வந்தவர்கள் அந்த அம்மாவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அழ ஆரம்பித்து, திரும்ப மாட்டும்போது நிறுத்திக்கொண்டார்கள். யார் அதிக நேரம் உள்ளே நின்றார் என்பதில் இரண்டு வட்டச் செயலாளர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் அந்த அம்மா எங்கள் அறைக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். கண் மஞ்சளாகி, கை குச்சியாகி, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. டிரிப்ஸ் கம்பியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"மாமி, இங்க கொஞ்ச நேரம் குந்திக்கட்டுமா? அங்க மூச்சு வுட எடமில்ல."

உட்கார்ந்தவர் பேச்சு வாக்கில் தன் கதையைச் சொன்னார். சைதாப்பேட்டைக்காரர். அவருடைய அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றவர். கல்யாணம் ஆகும்வரை இவரும் கூடை சுமந்திருக்கிறார். ஆனால் தலைவரின் வாழ்க்கை வரலாற்றில் இவர் உழவர் குடும்பத்துப் பெண்.

"நா நாத்தயே பாத்ததில்ல மாமி. பொஸ்தகத்துல போட்டுட்டாங்கோ, இனிமே இன்னா பண்றது?"

அப்போது டிவியில் அவரைப் பற்றியே செய்தி ஓடியது. உடல்நிலை நன்கு தேறி வருகிறது, காலையில் இளநீர் அருந்தினார், தொண்டர்களின் நலம் விசாரித்தார்.

"நா எப்போ குட்ச்சேன்?" என்று என்னைக் கேட்டார். "துளி தண்ணி எறங்கல எனக்கு."

"டிவில சொல்றான்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் என் கணவர், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஈரலில் புற்று, முற்றிவிட்டது என்று அந்த மாடியில் காபி கொடுப்பவருக்குக்கூடத் தெரியும். நோயாளிக்கு மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. "வவுறு என்னுது. டாக்டருங்க பேசுறது எல்லாம் அவராண்ட" என்றார். வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. ஆனால் இடைத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு அழைத்துப்போனால் கைவிட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். அதனால் டெல்லியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் வந்ததற்கு அடையாளமாக இன்னொரு குழாயைச் செருகிவிட்டுப் போனார்.

ஒருநாள் தலைவரே வந்தார். கதவு திறந்திருந்ததால் எங்கள் அறைவரை எல்லாம் கேட்டது.

"அரசு ஆஸ்பத்திரி ஃபாரினுக்கு சமம்னு மேடையில பேசுனீங்களே, கேட்டேன். என்ன அங்கியே சேத்துடுங்க. சைதாப்பேட்ட பக்கம்னா என் தங்கச்சி தெனம் வந்து பாத்துக்குவா."

தலைவர் சுற்றி நின்றவர்களிடம், "மருந்து மயக்கம்" என்றார். உதவியாளர் வெளியே வந்து அதையே சொன்னார். சற்று நேரத்தில் வராந்தா முழுவதும் மருந்து மயக்கத்தைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தங்கை இன்றும் சைதாப்பேட்டையில் மீன் விற்கிறவர். நெருங்கிய உறவினருக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லி அவரைக் கீழேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதை அந்த அம்மா சொன்ன மறுநாள் நான் இறங்கிப் போனேன். பச்சைப் புடவை, கையில் தூக்கு, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கேட்டில் ஆள் மாறும் நேரம் பார்த்து, கையைப் பிடித்து மேலே அழைத்து வந்தேன்.

"எங்காத்து சமையல்காரம்மா. மாமாவுக்கு சாப்பாடு கொண்டுவந்திருக்கா" என்றேன்.

பாதுகாவலர் வழக்கம்போல் தூக்கைத் திறந்து முகர்ந்தார். வஞ்சிரக் குழம்பு. அவர் என் நெற்றியைப் பார்த்தார், மடிசாரைப் பார்த்தார், மறுபடி குழம்பைப் பார்த்தார்.

"மூட்டுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். மூடிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் அறையில் உட்கார்ந்து தங்கை சோற்றைக் குழையப் பிசைந்தார். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி, "நான் தூங்கறேன்" என்று அறிவித்துவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா இரண்டு வாய் வாங்கினார்.

"புளி கம்மி."

"ஒனுக்கு வவுறு எரியுமேன்னு கம்மியா போட்டேன்க்கா."

"சாவப் போறவளுக்கு இன்னாடி எரிச்சல்?"

தங்கை மூன்றாவது வாயை ஊட்டினார். பிறகு இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அந்த மாடியில் யாராவது ஓரக்கண்ணால் கேமராவைத் தேடாமல் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவுக்கு நினைவு தப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தி.நகரில் ஒரு கோயில் வாசலில் தொண்டர்கள் மண்சோறு சாப்பிட்டார்கள். படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொல்ல, ஒருவர் இன்னொரு வாய் சாப்பிட்டதை டிவியில் பார்த்தோம். என் கணவரின் புண்ணில் சீழ் பிடித்ததால் நாங்கள் இன்னும் அங்கேதான் கிடந்தோம். ஒரு காலை நர்ஸ் கண்ணைத் துடைத்தபடி வந்து, "பக்கத்து ரூம் அம்மா போயிட்டாங்க" என்றாள். தலைவர் தென்மாவட்டப் பிரசாரத்தில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை டிவியில் அந்த அம்மா சிகிச்சைக்கு நன்றாக ஒத்துழைத்துக்கொண்டிருந்தார்.

"போனப்பறமும் ஒத்துழைக்கறா பாரு" என்றார் என் கணவர். அன்று அவர் சாப்பிடவில்லை.

தலைவரின் தி.நகர் வீட்டில் உடலை வைத்திருந்தார்கள். கட்சியைக் காப்பாற்றுங்கள் என்பதே அவருடைய கடைசிச் சொல் என்று தலைவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வாரம் முழுவதும் அந்தத் தொண்டையில் குழாய் இருந்தது. பொதுமக்கள் வரிசையில், தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வெயிலில் வரிசை ஊர்ந்தது. கடைசியில் கண்ணாடிப் பெட்டியருகே வந்ததும் தங்கை அதன்மேல் கையை வைத்தார்.

"தொடாதீங்கம்மா" என்றான் தொண்டன்.

"எங்க அக்கா, நைனா."

"எங்க எல்லாருக்கும் அவங்க அம்மா. நகருங்க, பெரியவங்க வராங்க."

தங்கை கையை எடுக்கவில்லை. அவன் அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினான். வெளியே வந்து, சைதாப்பேட்டை பஸ்ஸுக்கு நின்றோம். "நல்ல பொடவ கட்டி வுட்டுக்கிறாங்கோ மாமி" என்றார்.